மலையில் 19 நாள் நெட் இல்லை: யாரிடம், எதைக் கேட்பது?

கோத்தகிரியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மலைக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஊர்ப் பெயரும் தன் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே அவர் வெறும் ‘டீச்சர்’. கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பச்சைத் தேயிலை விலை கையைக் கடித்த ஒரு வருடத்தில் டீச்சர் ஆன்லைனில் கணக்கு டியூஷன் ஆரம்பித்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன் பள்ளியில் பாடம் நடத்திய அனுபவம் இருந்தது. கோவை, திருப்பூர், துபாய் என்று 14 பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஆளுக்கு மாதம் 1,500 ரூபாய், மாலை 5 முதல் 8 வரை வகுப்பு. இதற்காக ஆகஸ்ட் 15 அன்று உள்ளூர் கேபிள்காரர் மூலமாக ஒரு நிறுவனத்தின் ஃபைபர் இணைப்பு வாங்கினார். ஆறு மாத முன்பணம் 5,400, இணைப்புக் கட்டணம் 1,500, ரவுட்டர் டெபாசிட் 2,000. மொத்தம் 8,900 ரூபாயும் ஜிபேயில் கேபிள்காரரின் எண்ணுக்குப் போனது. பில் வரவில்லை.

அக்டோபர் 18 இரவு மழையில் ஒரு சீகை மரம் சாய்ந்து, மின்கம்பத்தோடு ஃபைபர் லைனையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. 20ஆம் தேதி மாலை கரண்ட் வந்தது. 22ஆம் தேதி மெயின் ரோட்டோரம் உள்ள ஹோம்ஸ்டேக்கு நெட் வந்தது. டீச்சர் வீட்டுக்கு வந்தது நவம்பர் 6. இடையில் போன் செய்த போதெல்லாம் “மலையில அப்படித்தாங்க, நாளைக்கு ஆள் வந்துடும்” என்பதுதான் பதில். கடைசியில் நிறுவனம் “வேலிடிட்டியை 5 நாள் நீட்டிக்கிறோம்” என்று ஒரு மெசேஜ் அனுப்பியது. அதற்குள் டீச்சர் 14 பேருக்கும் அரை மாதக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐந்து பிள்ளைகள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர் கேட்பவை இவை. பில் இல்லாமல் வழக்குப் போட முடியுமா? நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கே போய் அலைய வேண்டுமா? “டெலிபோன், நெட் கேஸெல்லாம் கன்ஸ்யூமர் கோர்ட்டில் நிற்காது” என்று கணவரின் நண்பர் சொல்வது உண்மையா? 100 எம்பிபிஎஸ் வேகம் என்று சொன்னார்கள், பின்னறையில் போனில் 38தான் காட்டுகிறது, அதையும் சேர்க்கலாமா? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதினால் அவர்களே வந்து சரிசெய்வார்களா? போன ஐந்து பிள்ளைகளின் ஒரு வருடக் கட்டணம் 90,000 ரூபாயை நஷ்ட ஈடாகக் கேட்கலாமா? பணம் வரும்வரை ரவுட்டரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமா?

கடிதத்தின் கடைசிக்கு முந்தைய பத்தியில், போகிற போக்கில் இன்னொரு செய்தி. வீட்டுக்குள் செல்போன் சிக்னல் கிடைக்காமல் மாமியார் சிரமப்படுகிறார் என்று கணவர் ஆன்லைனில் 6,800 ரூபாய்க்கு ஒரு சிக்னல் பூஸ்டர் வாங்கிக் கூரையில் மாட்டியிருக்கிறார். அதைப் பற்றி டீச்சர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

டீச்சர், வணக்கம். நீங்கள் கேட்காததிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அவசரம் அதில்தான் இருக்கிறது.

கூரையில் இருப்பதை இன்றைக்கே கழற்றுங்கள்

மொபைல் சிக்னல் பூஸ்டர், ரிப்பீட்டர் என்று விற்கிற கருவிகளை, உரிமம் பெற்ற செல்போன் நிறுவனங்களைத் தவிர வேறு யார் வைத்திருந்தாலும், விற்றாலும், பொருத்தினாலும் சட்டவிரோதம். 1933ஆம் ஆண்டின் வயர்லெஸ் தந்திச் சட்டக் காலத்திலிருந்தே அனுமதியில்லாமல் இப்படிப்பட்ட கருவியை வைத்திருப்பது குற்றம். 2022 ஜூலையில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை இதைப் பொது அறிவிப்பாகவே வெளியிட்டது. ஆன்லைனில் தாராளமாகக் கிடைக்கிறதே, ஐநூறு பேர் நட்சத்திரம் போட்டிருக்கிறார்களே என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான். விற்பனைக்கு வந்துவிட்டதாலேயே ஒரு பொருள் சட்டப்படியானது ஆகிவிடாது.

இது வெறும் காகிதச் சட்டமும் அல்ல. மலிவான பூஸ்டர் உங்கள் வீட்டு சிக்னலை மட்டும் பெருக்குவதில்லை, பக்கத்து அலைவரிசைகளையும் சேர்த்துப் பெருக்கும். வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் பக்கம் பக்கமாக இருந்தால், மைக்கை ஸ்பீக்கர் அருகே கொண்டுபோனது போல ஊளையிடத் தொடங்கிவிடும். அந்த இரைச்சல் டவருக்குப் போகும். மலையில் ஐந்தாறு ஊருக்கு ஒரு டவர். உங்கள் மாமியாருக்கு இரண்டு கட்டை சிக்னல் கூடும்போது, அடுத்த ஊரில் 108க்குப் போன் செய்கிறவரின் அழைப்பு அறுந்து போகலாம்.

வழக்கறிஞராக எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தையே கொஞ்சம் மாற்றிப் புகாராக அனுப்பினால், உங்கள் கூரையில் என்ன இருக்கிறது என்று எதிர்த்தரப்புக்கு நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். கருவியைக் கழற்றி, பெட்டியில் வைத்து, விற்ற தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். “ரிட்டர்ன் தேதி முடிந்துவிட்டது” என்று சொன்னால் அசராதீர்கள். விற்கவே கூடாத பொருளுக்கு ரிட்டர்ன் தேதி ஏது?

மாமியாருக்கு வழி இருக்கிறது. அவருடைய போனில் வைஃபை காலிங் என்று ஓர் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே 2019 கடைசியிலிருந்து பெரிய நிறுவனங்கள் இதைத் தருகின்றன, தனிக் கட்டணம் கிடையாது. வீட்டு வைஃபை வழியாகச் சாதாரண எண்ணிலேயே பேசலாம். நெட் போனால் அதுவும் போய்விடும் என்பதால், எந்தக் கம்பெனி சிக்னல் உங்கள் வாசலில் எடுக்கிறதோ அதில் இரண்டாவது சிம் ஒன்று இருக்கட்டும். பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக் தந்தே ஆக வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது, ஆகவே டேட்டாவுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியதில்லை. நிறுவனங்கள் தங்கள் தளத்தில் கவரேஜ் வரைபடம் போட்டிருக்கின்றன. அதைப் பாருங்கள், ஆனால் முழுதாக நம்பாதீர்கள். வரைபடத்தில் ஊர் முழுக்க நிறம் பூசியிருக்கும், உங்கள் வீடு முகட்டுக்கு அந்தப் பக்கச் சரிவில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் சிம்மைப் பத்து நிமிடம் கடன் வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் இங்கே சரியான சோதனை.

ஒரு குழப்பம் வரக்கூடாது. வைஃபை எக்ஸ்டெண்டர், மெஷ் ரவுட்டர் இவையெல்லாம் வேறு. உங்கள் வீட்டு வைஃபையை அடுத்த அறைக்குக் கொண்டு போகிறவை அவை. தாராளமாக வாங்கலாம்.

பில் இல்லை, ஆபீஸ் சென்னையில், கேஸ் நிற்காது

மூன்றும் உங்களைப் பயமுறுத்தியிருக்கின்றன. மூன்றுமே சரியல்ல.

பணம் வாங்கிக்கொண்டு பில் தராமல் இருப்பதையே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது (பிரிவு 2(47)). ஆகவே பில் இல்லாதது உங்கள் பலவீனம் அல்ல, அவர்கள் மீதான இன்னொரு குற்றச்சாட்டு. நீங்கள் காட்ட வேண்டியது பணம் போனதையும், அந்தப் பணத்துக்கு நிறுவனம்தான் சேவை தந்தது என்பதையும். முதலாவதற்கு ஜிபே பதிவு போதும். இரண்டாவதில் கொஞ்சம் கவனம் வேண்டும், ஏனென்றால் பணம் போனது கேபிள்காரரின் சொந்த எண்ணுக்கு. நாளைக்கு நிறுவனம் “அவர் யாரோ, நாங்கள் யாரோ” என்று சொல்லலாம். அதற்கு முன் நிறுவனத்தின் ஆப்பில் நுழைந்து உங்கள் வாடிக்கையாளர் எண், பெயர், பிளான், முடியும் தேதி தெரிகிற பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 5 நாள் நீட்டிப்பு மெசேஜை அழித்துவிடாதீர்கள். நிறுவனமே உங்களைத் தன் வாடிக்கையாளர் என்று ஒப்புக்கொண்டது அதில்தான்.

சென்னைக்கும் போக வேண்டாம். பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரையோ பிரச்சினை எழுந்த ஊரையோ தேட வேண்டியிருந்தது. இப்போதைய சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கிற மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம் என்கிறது. உங்களுக்கு அது உதகமண்டலத்தில் உள்ள நீலகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், காணொலி வழியாக ஆஜராகவும் அனுமதி கேட்கலாம். நெட் இல்லை என்ற வழக்குக்கு நெட்டிலேயே ஆஜராவதா என்று சிரிக்காதீர்கள். அப்படி ஒரு நாள் நெட் போனால், கோத்தகிரியிலிருந்து ஊட்டி முப்பது கிலோமீட்டர்தான்.

கணவரின் நண்பர் சொன்னதில் பழைய உண்மை ஒன்று இருக்கிறது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தில் 7பி என்று ஒரு பிரிவு, இப்படிப்பட்ட தகராறுகளை நடுவரிடம் அனுப்பச் சொன்னது. அதை வைத்து 2009இல் உச்ச நீதிமன்றம், டெலிபோன் பில் தகராறு நுகர்வோர் மன்றத்துக்கு வராது என்று தீர்ப்பளித்தது. பல வருடம் நாங்கள் அந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டிருந்தோம். 2022 பிப்ரவரியில் அதே உச்ச நீதிமன்றம், 7பி இருந்தாலும் நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 2019 சட்டம் ‘சேவை’ என்பதன் பொருளில் தொலைத்தொடர்பைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நண்பரிடம் சொல்லுங்கள், அவருடைய சட்டம் பழையது.

மழை எங்கே முடிந்தது?

உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான். நீங்கள் கடிதத்தில் இதை இரண்டே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள்.

நிறுவனம் ஒரே ஒரு பதிலைத்தான் வைத்திருக்கும்: இயற்கைச் சீற்றம். அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழை என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். 2009 நவம்பரின் மண்சரிவுகளைப் பார்த்தவர்கள் இன்றும் ஐப்பசியில் சரியாகத் தூங்குவதில்லை. மாவட்டம் முழுக்க 24 மணி நேரத்துக்கு மேல் நெட்வொர்க் முடங்கினால் வாடிக்கையாளருக்கு நிவாரணம் தர வேண்டும் என்று டிராயின் 2024 விதிமுறை சொல்கிறது. இயற்கைப் பேரிடரை அதிலிருந்து விலக்கியும் வைத்திருக்கிறது. அந்த வழியில் போனால் நீங்கள் தோற்பீர்கள்.

உங்கள் வழி வேறு. உங்களுடையது மாவட்ட முடக்கம் அல்ல, ஒரு வீட்டின் தரைவழி இணைப்பில் வந்த பழுது. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள அதே விதிமுறையில், தரைவழி இணைப்பின் பழுது 3 நாளைத் தாண்டினால் வாடிக்கையாளருக்கு நிவாரணம் தர வேண்டும். இப்போது உங்கள் தேதிகளை வரிசையாக வையுங்கள். 18ஆம் தேதி மரம் விழுந்தது. 20ஆம் தேதி ஈபி ஆட்கள் கம்பம் நட்டுக் கரண்ட் கொடுத்துவிட்டார்கள். அப்படியென்றால் அன்றைக்கே அந்த இடத்துக்கு ஆள் போக முடிந்திருக்கிறது, ஏற முடிந்திருக்கிறது. 22ஆம் தேதி மெயின் ரோட்டு ஹோம்ஸ்டேக்கு அதே நிறுவனத்தின் லைன் வந்துவிட்டது. அப்படியென்றால் மெயின் லைன் அன்று சரியாகிவிட்டது. மிச்சம் இருந்தது அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு வருகிற ஒற்றை ஒயர். மரம் விழுந்ததற்கு யாரும் பொறுப்பல்ல என்றே வைத்துக்கொள்வோம். 22ஆம் தேதிக்கும் நவம்பர் 6க்கும் நடுவில் எந்த மரமும் விழவில்லையே. அந்த 15 நாள் மழையினால் போனதல்ல, நிறுவனத்தின் கணக்கில் வருவது.

ஏன் தாமதமானது என்று எனக்கு ஓரளவு தெரியும். அறுந்த ஃபைபரை முறுக்கி டேப் சுற்ற முடியாது. ஒட்டுவதற்கு ஒரு மெஷின் வேண்டும், அதைக் கையாளத் தெரிந்த ஆள் வேண்டும். ஒரே ஒரு மெஷின் பல ஊருக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். மழைக்குப் பிறகு அது முதலில் பத்து வாடிக்கையாளர் உள்ள இடத்துக்குப் போகும், ஒற்றை வீட்டுக்குக் கடைசியில் வரும். வியாபாரக் கணக்கில் அது புரிகிறது. ஆனால் ஆறு மாதப் பணத்தை முன்கூட்டி வாங்கியபோது “உங்கள் முறை கடைசியில்தான்” என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை.

ஆகவே சாட்சியங்களை இந்தத் தேதிகளைச் சுற்றித் திரட்டுங்கள். ரவுட்டரில் ‘எல்ஓஎஸ்’ என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்ததைப் படம் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அருமை, எத்தனை நாள் எடுத்தீர்களோ அத்தனையும் வேண்டும். வெளியிலிருந்து ஒளி வரவில்லை, கோளாறு உங்கள் வீட்டுக்குள் இல்லை என்பதை அந்த விளக்கு சொல்கிறது. கேபிள்காரருக்குப் போன் செய்த கால் பட்டியல், வாட்ஸ்அப் உரையாடல், பெற்றோர் குழுவில் “இன்றும் வகுப்பு இல்லை” என்று நீங்கள் போட்ட செய்திகள், ஹோம்ஸ்டேக்காரர் 22ஆம் தேதி நெட் வந்ததாகக் கையெழுத்துப் போட்டுத் தரும் நாலு வரி, இவை வேண்டும். தாலுகா அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு போட்டு, அந்த நாட்களின் மழை அளவையும் உங்கள் ஊர்ச் சாலை மூடப்பட்டிருந்ததா என்பதையும் கேளுங்கள். மழை 21ஆம் தேதியோடு குறைந்துவிட்டது என்று அரசுக் காகிதமே சொன்னால், எதிர்த்தரப்பின் ஒரே பதிலும் அடிபட்டுப் போகும். ஸ்கிரீன்ஷாட்களுக்கு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் இரண்டு பகுதி உண்டு, ஒன்றில் நீங்களும் மற்றொன்றில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும்.

38க்காகச் சண்டை வேண்டாம்

வேகத்தை இந்தப் புகாரில் சேர்க்காதீர்கள். பின்னறையில் போனில் எடுத்த அளவு நிறுவனத்தின் லைனை அளப்பதில்லை, உங்கள் வீட்டுச் சுவரை அளக்கிறது. உங்களுடையது பழைய கல்வீடு என்கிறீர்கள். அந்தக் கனத்த சுவரில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை முட்டி நின்றுவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தாண்டிப் போகும், ஆனால் வேகம் குறையும். லேப்டாப்பை லேன் ஒயரில் நேராக ரவுட்டரில் சொருகி அளந்து பாருங்கள். அதில் 90க்கு மேல் வந்தால் நிறுவனம் சொன்னதைத் தருகிறது என்று பொருள். எதிர்த்தரப்பு ஆணையத்தில் முதலில் கேட்கும் கேள்வியே “எந்தக் கருவியில், எந்த அறையில் அளந்தீர்கள்?” என்பதாகத்தான் இருக்கும். நல்ல வழக்கோடு நோஞ்சான் வழக்கைக் கட்டி விட்டால் இரண்டும் சேர்ந்து படுத்துவிடும்.

உங்கள் வகுப்புக்கு 38ம்கூட மிகுதி. ஒரு வீடியோ வகுப்புக்கு நாலைந்து எம்பிபிஎஸ் போதும், அது அறுபடாமல் வர வேண்டும், அவ்வளவுதான். வகுப்பு எடுக்கும் மேசைக்கு ஒரு நீள லேன் ஒயர் இழுத்துவிடுங்கள். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள், மாலை ஆறு மணிக்குக் கரண்ட் போனாலும் ஓடும். வழக்கில் கிடைக்கும் பணத்தைவிட இந்த இரண்டும் உங்களுக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும்.

எவ்வளவு கேட்பது?

90,000 ரூபாயை மறந்துவிடுங்கள் என்று சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. ஐந்து பிள்ளைகளும் ஒரு வருடம் முழுக்க உங்களிடமே இருந்திருப்பார்கள் என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. தூரத்து நஷ்டம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். கணக்குக் காட்ட முடிகிறதைக் கேளுங்கள். மாதம் 900 என்றால் நாளுக்கு 30. 19 நாளுக்கு 570 ரூபாய். நவம்பர் கடைசியில் இணைப்பை விடுவதானால் மீதி இரண்டரை மாத முன்பணம் 2,250. டெபாசிட் 2,000. பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுத்த 10,500. கூட்டினால் 15,320. இதோடு மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் ஒரு நியாயமான தொகை.

இதில் 10,500தான் நெருடலானது. டியூஷன் வருமானம் என்று சொன்னவுடன் “வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவை, இவர் நுகர்வோரே அல்ல” என்று எதிர்த்தரப்பு எழும். சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துகிறவர்களுக்குச் சட்டம் விலக்குத் தந்திருக்கிறது. ஆனால் 2019 சட்டத்தில் அந்த விளக்கம் ‘பொருட்கள்’ என்று மட்டுமே பேசுகிறது, சேவை என்ற சொல் அதில் இல்லை. கெட்டிக்கார வக்கீல் அந்த ஓட்டையில் விரலை விடுவார். ஆகவே வீட்டு பிளானில், வீட்டு முகவரியில், குடும்பம் முழுக்கப் பயன்படுத்தும் இணைப்பு என்பதை முதலில் நிறுவுங்கள். டியூஷன் இழப்பு கடைசிப் பத்தியில் வரட்டும்.

இன்னொரு பொறி. “அட்வான்ஸ் திரும்ப வராது” என்ற நிபந்தனையைப் பார்த்ததும் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். அந்த வகைப் புகாரை மாவட்ட ஆணையம் எடுக்க முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை, இந்த இரண்டோடு நில்லுங்கள். குறையுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அதே 2(47)இல் வருகிறது.

எந்த வரிசையில் போவது?

டிராய் வந்து சரிசெய்யாது. அது விதி போடுகிற அமைப்பு, தனி ஆளின் புகாரை விசாரிப்பதில்லை. ஆனால் அது போட்ட விதியின்படி நிறுவனத்துக்குள்ளேயே இரண்டு படி உண்டு. முதலில் வாடிக்கையாளர் மையத்தில் புகார் பதிந்து டாக்கெட் எண் (புகார்ப் பதிவு எண்) வாங்குங்கள். கேபிள்காரருக்குச் செய்த போன்கள் இதில் சேராது. உங்களிடம் டாக்கெட் எண் ஒன்றுகூட இல்லை என்பதுதான் நான் பார்த்த ஒரே உண்மையான குறை. பதிலில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் தமிழிலேயே பதியுங்கள்.

முதல் புகாரில் இவ்வளவு போதும்: “அக்டோபர் 18 முதல் நவம்பர் 6 வரை 19 நாட்கள் என் இணைப்பு இயங்கவில்லை. அக்டோபர் 20 அன்று மின்சாரமும், 22 அன்று அதே லைனில் உள்ள அடுத்த இணைப்பும் சரியாகிவிட்டன. 19 நாள் கட்டணத்தையும், நான் செலுத்திய 8,900 ரூபாய்க்கான பில்லையும், இணைப்பை நிறுத்தினால் மீதி முன்பணத்தையும் டெபாசிட்டையும் தரக் கோருகிறேன்.” கோபம் ஒரு வரியும் வேண்டாம்.

இந்த இரண்டு படியையும் ஏறாமல் நேரே ஆணையத்துக்குப் போகவும் உங்களுக்கு உரிமை உண்டு. 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திய சேவைக்குத் தாக்கல் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு வருடம் கெடு இருக்கிறது. எதிர்த்தரப்பு அதிகபட்சம் 45 நாளுக்குள் பதில் தர வேண்டும். வழக்கு மூன்று மாதத்தில் முடிய வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நான் பார்த்த வரை அது சட்டத்தின் ஆசை.

அதனால் என் யோசனை: பணத்துக்காக மட்டும் என்றால் மேல்முறையீட்டோடு நில்லுங்கள். 19 நாள் நீட்டிப்பும், பில்லும், வெளியேறும்போது டெபாசிட் தருவதாக எழுத்தும் வந்தால் வாங்கிக்கொண்டு பிப்ரவரி வரை ஓட்டிவிடலாம். அதையும் மறுத்தால் ஊட்டிக்கு வாருங்கள். வழக்கில் உரிமம் உள்ள நிறுவனத்தை முதல் எதிர்த்தரப்பாகவும் கேபிள்காரரை இரண்டாவதாகவும் போட வேண்டியிருக்கும். பணம் அவர் எண்ணுக்குப் போயிருப்பதால் அவரை விட்டுவிட முடியாது. ஆனால் தாக்கல் செய்யும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மழையில் கம்பம் ஏறுகிறவர் அவர், முடிவெடுக்கிறவர்கள் வேறு. நாளைக்கு ஊர்க் கல்யாணப் பந்தியில் உங்கள் பக்கத்து இலையில் உட்காரப் போகிறவரும் அவர்தான். ஊர் வாட்ஸ்அப் குழுவில் அவரைத் திட்டி வீடியோ போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது உங்கள் மீது ஒரு வழக்காகத் திரும்பலாம்.

ரவுட்டரைப் பிடித்து வைக்காதீர்கள். அது நிறுவனத்தின் சொத்து. வைத்துக்கொண்டால் “கருவியைத் தரவில்லை, அதனால் டெபாசிட் தரவில்லை” என்று அவர்களுக்குப் பதிலைக் கையில் கொடுத்ததாகிவிடும். இணைப்பை விடும் நாளில் சீரியல் எண்ணோடு படம் எடுத்து, ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். கணவரிடம் சொல்லிப் பூஸ்டரின் அட்டைப் பெட்டியையும் தேடி எடுத்து வையுங்கள். அடுப்பு பற்றவைக்கப் போயிருக்காது என்று நம்புகிறேன், திருப்பி அனுப்ப அது வேண்டும்.